கடற்குதிரையும் பென்குயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். பாக் விரிகுடாக் கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் நூலகம் இருக்கிறது. அதன் சுவரில் 'கடல்வாழ் உயிரினங்கள்' என்று ஒரு படத்தாள் தொங்குகிறது. கடற்குதிரையையும் பென்குயினையும் அதில் அடுத்தடுத்து, ஒரே உயரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு படங்களிலிருந்துதான் தொடங்குகின்றன. பிள்ளைகள் மட்டுமல்ல, கூட்டிவருகிற அம்மாக்களும் கரையில் வலை சீர்செய்கிற பெரியவர்களும் கேட்கிறார்கள். ஒரே கேள்வி பலமுறை வந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

இரண்டுமே கடலில்தானே இருக்கின்றன. அப்படியென்றால் இரண்டும் மீன்தானே?

கடற்குதிரை மீன். பென்குயின் பறவை. உருவத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றாது. குதிரை முகமும் குரங்கு வாலும் உள்ள ஒன்றை மீன் என்கிறோம். வழவழப்பான உடலோடு நீருக்குள் பாய்ந்து போவதைப் பறவை என்கிறோம். ஆனால் கடற்குதிரைக்குச் செவுள் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, உடலுக்குள் காற்றுப்பை இருக்கிறது. மற்ற மீன்களைப் போலச் செதில் இல்லை. தோலுக்கடியில் எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. காய்ந்த கடற்குதிரையை விரலால் தடவினால் அந்த வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

பென்குயினுக்கு நுரையீரல், இறகு, அலகு எல்லாம் உண்டு, முட்டையிடுகிறது. மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கத் தரையோ பனித்தரையோ வேண்டும். கடற்குதிரை பிறப்பதும் சாவதும் நீரில்தான். பென்குயினுக்குக் கடல் இரை தேடுகிற இடம், வீடு கரையில்.

படத்தில் இரண்டும் ஒரே உயரமாக இருக்கின்றனவே, உண்மையிலும் அப்படியா?

இல்லை, படத்தாளைத்தான் குறை சொல்லவேண்டும். கடற்குதிரைகளில் 40-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மிகச் சிறியவை ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது, சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கடலில் உள்ள பெருவயிற்றுக் கடற்குதிரை 35 சென்டிமீட்டர் வரை வளரும். பென்குயினில் 18 இனங்கள். அண்டார்க்டிகாவின் பேரரசப் பென்குயின் ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும், 40 கிலோவுக்கும் மேல் எடை போடும். ஆஸ்திரேலியாவின் குட்டிப் பென்குயின் 33 சென்டிமீட்டர்தான். ஆகவே மிகப் பெரிய கடற்குதிரையையும் மிகச் சிறிய பென்குயினையும் பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் படத்தாள் சரி.

இரண்டையும் ஒரே கடலில் பார்க்கமுடியுமா?

முடியும். பென்குயின் என்றாலே பனிக்கட்டி என்று நினைத்துக்கொள்வதால் இந்தப் பதில் பலருக்கு வியப்பாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு அருகே சைமன்ஸ் டவுன் என்ற ஊரில் மணற்கரையிலேயே ஆப்பிரிக்கப் பென்குயின்கள் கூடு வைக்கின்றன. 1982-இல் இரண்டே ஜோடிகள் வந்து குடியேறிய இடம் அது. அதே தென்கரையில் கிழக்கே போனால் நைஸ்னா என்ற கழிமுகம் வருகிறது. அங்கேயும் அருகிலுள்ள இரண்டு கழிமுகங்களிலும் மட்டுமே வாழ்கிற கடற்குதிரை இனம் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் அது கிடையாது.

சிட்னி துறைமுகத்தில் இரண்டும் இன்னும் நெருக்கம். மேன்லி பகுதியில் குட்டிப் பென்குயின்கள் கூடு கட்டுகின்றன. அதே துறைமுக நீரில் ஒயிட் என்பவரின் பெயரைத் தாங்கிய கடற்குதிரை இனம் ஒன்று வாழ்கிறது. அதன் இருப்பிடம் அழிந்துகொண்டே வந்ததால் ஆய்வாளர்கள் கம்பிக்கூடுகள் செய்து கடலடியில் வைத்தார்கள். அவற்றைக் 'கடற்குதிரை விடுதி' என்றே அழைக்கிறார்கள். கம்பிமேல் பாசியும் கடற்பஞ்சும் படர்ந்து வளர்கின்றன, கம்பி மெல்லத் துருப்பிடித்துக் கரைந்துபோகிறது, வளர்ந்தவை அங்கேயே நின்றுவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது.

நம் கடலில் கடற்குதிரை இருக்கிறது, பென்குயின் ஏன் இல்லை?

பென்குயினுக்குக் குளிர் வேண்டும் என்பதைவிட, குளிர்ந்த நீரோட்டம் கொண்டுவருகிற மீன்கூட்டம் வேண்டும் என்பதே சரியான பதில். பூமத்திய ரேகையை ஒட்டிய கலாபகோஸ் தீவுகளிலும் ஒரு பென்குயின் இனம் வாழ்கிறது. அங்கே குளிர்ந்த நீர் மேலெழுந்து வருவதால் மீன் கிடைக்கிறது. அந்தத் தீவுகளில் ஒன்றின் வடமுனை பூமத்திய ரேகையைச் சற்றுத் தாண்டுகிறது. இயற்கையாக வாழும் பென்குயின்களுக்கு வடக்கெல்லை அதுதான். இடையில் கிடக்கிற வெதுவெதுப்பான கடலைத் தாண்டி அவை வரவில்லை. இந்தியாவில் பார்க்கவேண்டுமானால் மும்பை பைகுல்லா உயிரியல் பூங்காவில் ஹம்போல்ட் பென்குயின்கள் உள்ளன. 2016-இல் தென்கொரியாவிலிருந்து கொண்டுவந்து குளிரூட்டிய கூடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கடற்குதிரைக்கு ஆழமற்ற அமைதியான நீரும் வாலைச் சுற்றிக்கொள்ள ஒரு பிடிமானமும் போதும். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் வெளிகள் ஏராளமாக இருக்கின்றன. அதனால் நமக்குக் கடற்குதிரை வாய்த்திருக்கிறது.

கடற்குதிரைக்கு வயிறே கிடையாது என்கிறார்கள், உண்மையா?

உண்மை. இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. குழாய் போன்ற வாயால் உறிஞ்சிய இரை நேராகக் குடலுக்குப் போய்விடுகிறது. தின்றதைச் சேர்த்துவைக்க இடமில்லை. ஆகவே பகல் முழுவதும் சின்னச் சின்னக் கூனிறால், இறால் குஞ்சு, துடுப்புக்காலிகள் எனப்படும், கண்ணுக்கு அரிதாய்த் தெரிகிற குட்டி உயிரிகள் என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

இந்த இரண்டு உயிர்களையும் ஒப்பிடச் சொன்னால் நான் முதலில் பசியைத்தான் சொல்வேன். கடற்குதிரையால் பசி தாங்கமுடியாது. பேரரசப் பென்குயின் நான்கு மாதம் வரை பட்டினி கிடக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஒன்று ஏன் புல்லை விட்டு நகர்வதில்லை, மற்றது ஏன் அத்தனை கிலோ கொழுப்பைச் சுமக்கிறது என்பதெல்லாம் புரிந்துவிடும். கீழே உள்ள பல பதில்களும் இங்கேதான் திரும்பி வரும்.

அவ்வளவு மெதுவாக நீந்துகிற மீன் எப்படி இரை பிடிக்கும்?

மெதுவாக நீந்துவது உண்மைதான். மேற்கு அட்லாண்டிக் பகுதியில் வாழும் குள்ளக் கடற்குதிரை மணிக்கு சுமார் ஒன்றரை மீட்டர்தான் நகரும். மீன்களிலேயே மிக மெதுவானது என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. வால் துடுப்பு கிடையாது. முதுகில் உள்ள சின்னத் துடுப்பு விநாடிக்கு 30 முறைக்கு மேல் துடித்து உடலை நிமிர்ந்த நிலையிலேயே தள்ளுகிறது.

ஆனால் துரத்தினால்தானே வேகம் வேண்டும்? துடுப்புக்காலிகள் நீரில் ஏற்படும் மிகச் சிறிய அசைவையும் உணர்ந்து தெறித்து ஓடிவிடும். கடற்குதிரையின் தலை, நீர் கலங்காமல் மெல்ல நெருங்குவதற்கு ஏற்ற வடிவத்தில் இருப்பதை டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். அமைதியான நீரில் குள்ளக் கடற்குதிரையின் பத்து முயற்சியில் ஒன்பது பலித்தன. வாய்க்கருகே இரை வந்ததும் தலையைச் சட்டென்று மேலே நிமிர்த்தி உறிஞ்சிவிடும். அந்தக் கடைசி அசைவு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டு கண்ணும் தனித்தனியே சுழல்வதால் உடலை அசைக்காமலே சுற்றிலும் தேடமுடிகிறது.

பறக்கத் தெரியாத பறவை நீந்துவதில் எவ்வளவு கெட்டி?

ஜென்டூ பென்குயின் நீருக்குள் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். இறக்கைகள் தட்டையான துடுப்பாகிவிட்டன. பறக்கும் பறவைகளின் எலும்பில் காற்றறைகள் இருக்கும். பென்குயினின் எலும்பு கெட்டியானது. மூழ்குவதற்கு அந்தக் கனம் உதவுகிறது. பேரரசப் பென்குயின் 500 மீட்டருக்கும் கீழே போயிருக்கிறது, ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் மூழ்கியும் இருந்திருக்கிறது.

அது கடலிலிருந்து பனிமேல் தாவி ஏறுகிற காட்சியைக் கூர்ந்து பாருங்கள். பின்னால் வெண்மையாக ஒரு குமிழிக் கோடு வரும். இறகுகளுக்கிடையே அடைத்துவைத்த காற்றை மேலே வரும்போது நுண்குமிழிகளாக விடுகிறது. நீரின் உராய்வு குறைந்து வேகம் கூடுகிறது. சிறுத்தைச் சீல் விளிம்பில் காத்திருக்கும் என்பதால் அந்தக் கடைசிப் பாய்ச்சல் உயிர்ப் பிரச்சினை.

பென்குயின் உப்புத் தண்ணீரையா குடிக்கிறது?

ஆமாம். கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி இரத்தத்தில் சேர்ந்த உப்பைப் பிரித்தெடுத்து அலகு வழியே சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிடும். அவ்வப்போது தலையை உதறுவது அந்தச் சொட்டை உதறத்தான்.

ஆண் கடற்குதிரை கர்ப்பம் தரிக்கும் என்பது கதையா, நிஜமா?

நிஜம். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப்புறம் உள்ள பைக்குள் இடுகிறது. ஆண் அங்கேயே அவற்றைக் கருவுறச் செய்து பையை மூடிக்கொள்கிறது. முட்டையைத் தூக்கிவைத்திருக்கிற வெறும் சுருக்குப்பை என்று அதை நினைக்கவேண்டாம். பையின் உட்சுவரில் இரத்தக்குழாய்கள் நெருங்கிப் பரவுகின்றன; கருக்களுக்கு அதன் வழியே உயிர்வளி போகிறது, ஊட்டமும் போகிறது. பைக்குள் உள்ள நீரின் உப்புத்தன்மை சிறிது சிறிதாக மாறி, பிறக்கும் நேரத்தில் கடல்நீரை ஒத்துவருகிறது. குட்டிகளுக்கு அதிர்ச்சி இல்லை.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் பிரசவம். ஆண் உடலை முன்னும் பின்னும் வளைத்து வளைத்துப் பையைச் சுருக்கும்போது குட்டிகள் கொத்துக்கொத்தாக வெளியே வரும். பல இனங்களில் நூற்றுக்கணக்கில், பெரிய இனங்களில் ஆயிரத்தையும் தாண்டும். பிரசவம் முடிந்த அதே நாளிலோ மறுநாளோ அது மீண்டும் முட்டை வாங்கிக்கொள்ளும்.

சுமப்பது அதுதான் என்றால், அதைப் பெண் என்றுதானே சொல்லவேண்டும்?

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி இது. ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரியலில் ஆண், பெண் என்பதைச் சுமப்பதை வைத்துத் தீர்மானிப்பதில்லை. முட்டையை உருவாக்குவது பெண், விந்தணுவை உருவாக்குவது ஆண். கடற்குதிரையில் முட்டை பெண்ணின் உடலில்தான் உருவாகிறது. சுமப்பது, ஊட்டுவது, காப்பது என்ற வேலையெல்லாம் யாருக்கு வாய்த்தது என்பது ஒவ்வோர் உயிரிலும் வேறு வேறு. 'தாய்மை' என்று நாம் ஒரே சொல்லில் கட்டிவைத்திருப்பதைக் கடல் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறது.

பென்குயினிலும் அப்பாதான் சுமக்குமாமே, இரண்டும் ஒன்றுதானா?

பேரரசப் பென்குயினைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலான இனங்களில் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். பேரரசப் பென்குயினில் பெண் ஒரே ஒரு முட்டையிட்டு, ஆணின் பாதத்துக்கு உருட்டிவிட்டு, இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறது. ஆண் அதைப் பாதத்தின்மேல் ஏற்றி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு சுமார் 65 நாள் நிற்கிறது. அண்டார்க்டிகாவின் நடுக்குளிர்காலம் அது. முட்டை பனியில் விழுந்து கிடந்தால் கரு உறைந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்கள் உடலோடு உடல் ஒட்டி நின்று, உள்ளே இருப்பவை வெளியேயும் வெளியே இருப்பவை உள்ளேயும் மெல்ல இடம் மாறிக்கொண்டே குளிரைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இங்கேதான் மேலே சொன்ன பசி வருகிறது. இனச்சேர்க்கைக்காகக் கரையேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் அந்த ஆண் ஏறக்குறைய 115 நாள் எதையும் தின்பதில்லை. எடையில் 40 சதவீதம் வரை போய்விடும். பெண் திரும்புவதற்குள் குஞ்சு பொரித்துவிட்டால், பட்டினி கிடக்கிற அதே தகப்பன் தன் உணவுக்குழாயில் பால் போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டுகிறது. கடற்குதிரைத் தகப்பனுக்கு இப்படி ஒரு விரதம் சாத்தியமே இல்லை. பையில் நூற்றுக்கணக்கான கருக்களோடு அது தின்றுகொண்டே இருக்கவேண்டும். இரண்டும் தகப்பன்கள்தாம். ஒன்று உண்டு சுமக்கிறது, ஒன்று உண்ணாமல் சுமக்கிறது.

இந்த முட்டைக்காக மனிதரும் அந்தக் குளிரில் நடந்திருக்கிறார்கள். 1911 ஜூலையில் எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-காரார்ட் என்ற பிரிட்டிஷ் பயணக்குழுவினர் மூவரும் இருட்டில் ஸ்லெட்ஜ் வண்டியை இழுத்துக்கொண்டு அண்டார்க்டிகாவின் கேப் குரோசியர் முனைக்குப் போனார்கள். எடுத்த ஐந்து முட்டைகளில் இரண்டு உடைந்துபோயின. மீதி மூன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. வில்சனும் பவர்ஸும் 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தார்கள்.

ஒன்றுக்கு ஆயிரம் குட்டி, இன்னொன்றுக்கு ஒரே முட்டை. எது கெட்டிக்காரத்தனம்?

கடற்குதிரைக் குட்டி பிறந்த நொடியிலிருந்து தனியாள். தகப்பன் திரும்பிப் பார்ப்பதில்லை. நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும், மீன்கள் விழுங்கும், இரை கிடைக்காமல் சாகும். இருநூறில் ஒன்றுகூட வளர்ந்து பெரிதாவதில்லை. எண்ணிக்கைதான் அதற்குக் காப்பு. பேரரசப் பென்குயின் ஒரே குஞ்சுக்குக் கோடை வரை மாறி மாறி இரை கொண்டுவருகிறது. அத்தனை உழைப்பு தேவைப்படும் இடத்தில் இரண்டாவது குஞ்சுக்கு வழியில்லை. கெட்டிக்காரத்தனம் என்று ஒன்றை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டுமே ஒரே ஜோடியோடு வாழ்நாள் முழுக்க இருக்குமாமே?

கல்யாண வாழ்த்துகளில் இப்படி எழுதுகிறார்கள். பல கடற்குதிரை இனங்கள் ஓர் இனப்பெருக்கக் காலம் முழுக்க ஒரே துணையோடு இருக்கின்றன. காலையில் பெண், ஆண் இருக்கும் இடத்துக்கு வரும். இரண்டும் நிறம் மாறி, ஒரே புல்லைப் பிடித்துச் சுற்றி, பக்கம் பக்கமாகக் கொஞ்ச தூரம் நீந்திவிட்டுப் பிரியும். தினமும் இப்படித்தான். பேரரசப் பென்குயினோ, அந்த ஆண்டுக்கு ஒரு துணைதான். அடுத்த ஆண்டு பழைய ஜோடியோடு சேர்பவை நூற்றில் பதினைந்து போலத்தான். வேறு சில பென்குயின் இனங்களில் பழைய துணையோடு சேர்வது அதிகம்.

பென்குயின் கடற்குதிரையைத் தின்னுமா?

இரண்டும் ஒரே நீரில் வாழும் இடங்களில் தின்னும். கடற்குதிரையைத் தின்பவற்றின் பட்டியலில் நண்டு, திருக்கை, சூரை மீனோடு பென்குயினும் இருக்கிறது. எலும்புத் தகடு நிறைந்த உடல் என்பதால் பல மீன்கள் அதைச் சீண்டுவதில்லை. நிறம் மாறி, புல்லோடு புல்லாக அசையாமல் நிற்பதுதான் கடற்குதிரைக்கு உள்ள பெரிய பாதுகாப்பு.

காய்ந்த கடற்குதிரையைக் காய்ச்சிக் குடித்தால் இழுப்பும் கக்குவானும் போய்விடுமா?

போகாது. அதற்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. குழந்தைக்கு இழுப்பு என்றால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதைக் காய்ச்சிக்கொண்டு ஒரு நாளைக்கூட வீணாக்கவேண்டாம். சீன மருத்துவத்தின் பெயரால் நடக்கும் வணிகத்தால் கடற்குதிரைகள் கோடிக்கணக்கில் அழிகின்றன. 21 நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளைத் தொகுத்தபோது ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி பிடிபடுவதாகத் தெரிந்தது. அதில் பெரும்பகுதி வேறு மீனுக்காக இழுக்கும் வலையில் தானாகச் சிக்குவது.

இந்தியாவில் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கடற்குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். நாடுகளுக்கிடையிலான வணிகத்துக்கு 2004 முதல், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இருக்கிறது.

இரண்டில் எது அதிக ஆபத்தில் இருக்கிறது?

இனத்துக்கு இனம் மாறும். ஆப்பிரிக்கப் பென்குயின் 2024-இல் 'மிக அருகிய', அதாவது அழிவின் விளிம்பில் உள்ள நிலைக்குத் தள்ளப்பட்டது. பத்தாயிரத்துக்கும் குறைவான இனப்பெருக்க ஜோடிகளே மிச்சம். அவை தின்னும் மத்தி, நெத்திலிக் கூட்டங்கள் குறைந்ததுதான் முக்கியக் காரணம். 2000 ஜூனில் கேப் டவுன் அருகே 'ட்ரெஷர்' என்ற சரக்குக் கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தபோது, எண்ணெய் படிந்த சுமார் 19,000 பென்குயின்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கையால் கழுவிக் காப்பாற்றினார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட இனம் இன்று இரையில்லாமல் குறைகிறது என்பது தாங்கமுடியாத வருத்தம்.

பேரரசப் பென்குயினுக்குக் காலடியே கரைகிறது. 2022-இன் இறுதியில் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் பனித்தரை முன்கூட்டியே உடைந்ததால், ஐந்து குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் எல்லாமே அழிந்திருக்கவேண்டும் என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டின. நீர் புகாத இறகு முளைக்காத குஞ்சு கடலில் விழுந்தால் பிழைக்காது. கடற்குதிரைக்குக் காலடி என்றால் கடற்புல். அது போனால் பிடிமானமும் இரையும் சேர்ந்தே போகும். பாக் விரிகுடாவில் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்காக 2022-இல் தமிழ்நாடு அரசு சுமார் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. அங்கே காக்கப்படும் கடற்புல்லில் கடற்குதிரைக்கும் பங்கு உண்டு.

எங்கள் வலையில் உயிரோடு கடற்குதிரை வந்தால் என்ன செய்வது?

உடனே கடலில் விட்டுவிடுங்கள். வயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஆணாக இருந்தால் பை நிறையக் கருக்கள் இருக்கலாம். வலைக்கண்ணில் வால் சுற்றியிருந்தால் இழுக்கவேண்டாம். ஈரக்கையால் தாங்கி, நீருக்குள் இறக்கிப் பிடித்தால் அதுவே தளர்த்தும். முடிந்தால் புல் உள்ள இடமாகப் பார்த்து விடுங்கள். எப்படியும் அது அன்றைக்கே இரை தேடியாகவேண்டும் என்பதை மேலே பார்த்தோம்.

சென்ற ஆடியில் ஒரு வள்ளத்துக்காரர் அப்படி ஒன்றை வாளி நீரில் போட்டு எனக்குக் காட்டினார். சுண்டுவிரலை நீரில் வைத்தேன். வால் வந்து விரலைச் சுற்றியது. உருண்டையான வால் இல்லை அது, நாற்சதுரம். நான்கு விளிம்பும் தோலில் தனித்தனியே தெரிந்தது. முழங்கால் ஆழத்தில் புல் இருந்த இடத்துக்கு வாளியோடு நடந்துபோய்க் கையை இறக்கினேன். உடனே விடவில்லை. அலை ஒன்று வந்து புல்லிதழை அதன்மேல் சாய்த்தபோதுதான் என் விரலை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது.